பிரேக் மாஸ்டரின் கடைவாய்ப்பல்

"பிரேக் என் காலுக்குக் கீழ இல்லாத சீட்டுல நான் இதுவரைக்கும் உட்கார்ந்ததில்லை. இனிமேலும் உட்காரப்போறதில்லை."

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரின் பிரகடனம் இது. பயிற்சிப் பள்ளியின் முன்னறையில், சாலைச் சின்னங்கள் வரைந்த பெரிய அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வார். சொல்லும்போதே வலது கால் தரையை ஓர் அமுக்கு அமுக்கும். பதவியேற்பு உறுதிமொழியைக்கூட யாரும் அத்தனை அழுத்தமாக எடுத்துக்கொண்டதில்லை.

வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்துவிட வேண்டாம். மாஸ்டர் சொன்ன சொல் தவறாதவர். பேருந்தில் ஏறினால் எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். நின்றால் உட்கார்ந்த கணக்கில் வராது. மனைவியின் தம்பி, அதாவது அந்தப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி, புதுக் கார் வாங்கி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனபோது, மாஸ்டர் வாசலிலேயே நின்று கையசைத்து வழியனுப்பினார். முடிவெட்டும் கடையில் ஏற்றி இறக்கும் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, சுவரோரம் கிடக்கும் மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வார். நகராத இருக்கைக்குப் பிரேக் தேவையில்லை என்பது அவருடைய சட்டத்தில் இருந்த ஒரே விதிவிலக்கு.

கற்றுக்கொடுக்கும் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதுதான் அவருடைய சிம்மாசனம். அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது காலணி மட்டும் சீக்கிரமே தேய்ந்துபோகும். இடது காலணி மினுமினுவென்று புதுமாப்பிள்ளை மாதிரி இருக்க, வலது காலணி வாழ்ந்து கெட்டவன் மாதிரி இருக்கும்.

அவருடைய காலுக்கு முன்யோசனை அதிகம். தெருமுனையில் ஒரு நாய் எழுந்திருப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே இவர் கால் பிரேக்கில் இருக்கும். ஓட்டுகிறவருக்கு நாய் கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, காலுக்குச் செய்தி போவதற்குள் கார் நின்று குலுங்கி முடித்திருக்கும். இதனால் அவரிடம் பயின்றவர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டாயிற்று. கார் என்பது வேண்டிய இடத்தில் தானாகவே நின்றுவிடும், நல்ல மனசுள்ள ஒரு வாகனம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். நம்பிக்கையோடு டெஸ்ட்டுக்குப் போனார்கள். நம்பிக்கையோடு, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"மாமா, நம்ம ஆளுங்க கியர் போடறதைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. நிறுத்தத்தான் தெரியலை" என்று மச்சினன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நிறுத்தறதுக்குத்தான் நான் இருக்கேனே மாப்ள" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் பேச வாயெடுத்த மச்சினனுக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளி, பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் மருத்துவமனை வைத்திருந்த நாற்பது வயதுப் பெண்மணி. சொந்தமாகக் கார் வாங்கி, அதை உறை போட்டு மூடி, அதைத் தாண்டி நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதல் நாளே அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கியர், கிளட்ச் எல்லாம் வீடியோவில் பார்த்து ஓரளவு தெரிந்துகொண்டுதான் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வீடியோல எதிர்ல லாரி வராது மேடம். அந்த ஆளு எந்த வண்டில ஓட்டறான், எந்த ரோட்டுல ஓட்டறான், எதுக்காக நமக்குக் காட்டறான், ஏதாவது தெரியுமா? அவனுக்கு மொதல்ல லைசென்ஸ் இருக்கா?"

டாக்டர் தெரியாது என்றார். மாஸ்டர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு மனைவியிடம் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மனைவி அந்த வசனத்தை அப்படியே மனதில் வாங்கி வைத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைப் பார்க்க அழகாக இருக்கும். விரல் நுனியால் பிடிப்பார், அதற்கு வலித்துவிடக்கூடாது என்பதுபோல. ஆனால் பின்னால் எடுக்கச் சொன்னால் கதை மாறும்; மாஸ்டரின் காலுக்கு முன்யோசனைதான் உண்டு, பின்யோசனை கிடையாது. மைதானத்தில் அடையாளத்துக்கு நிறுத்தியிருந்த இரண்டு தகர டிரம்களில் ஒன்றை அவர் ஒரே வாரத்தில் இரண்டு முறை படுக்க வைத்தார். பிரேக்கை அவர் கால் தொட்டதே இல்லை. தொட மாஸ்டர் விட்டதும் இல்லை.

இப்படி இருக்கையில் மாஸ்டருக்குப் பல் வலித்தது.

வலது பக்கம், கீழ்வரிசையில், கடைசிக்கும் கடைசி. ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த ஞானப்பல்லுக்கு என்ன அவசரமோ, வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே பல் டாக்டர், அதுவும் தினம் காலையில் அரை மணி நேரம் அருகில் உட்காருகிறவர், அவரிடம் காட்டுங்கள் என்று மனைவி சொன்னாள்.

"ரெண்டு டிரம்முக்கு நடுவுல காரை விடத் தெரியாதவங்க, என் ரெண்டு பல்லுக்கு நடுவுல கையை விடறதா?"

"கத்துக்குடுத்தது நீங்கதானே."

மாஸ்டர் கைபேசியை எடுத்துக்கொண்டு கூடத்து மூலைக்குப் போனார். அங்கிருந்துதான் அவருடைய மருத்துவப் படிப்பு தொடங்கியது.

முதல் வீடியோவில் ஒருவர் பல்லில் நூலைக் கட்டி, நூலைக் கதவுப்பிடியில் கட்டி, கதவைச் சாத்த ஆள் வரும்வரை காத்திருந்தார். அதை லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். இத்தனை பேர் பார்த்தது பொய்யாக இருக்க முடியாது என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அடுத்ததில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க, உறுமலான குரலில் எச்சரித்தார்: கடைவாய்ப்பல்லின் நரம்பு நேராகக் கண்ணுக்குப் போகிறது, பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும், பிடுங்காமலே குணமாக்க என்னிடம் ஒரு பொடி இருக்கிறது.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "பல்லுல ஸ்டெதஸ்கோப் வச்சு என்னத்தைக் கேப்பாராம்? லப்டப்புன்னு அடிக்குமா?" என்றாள். கூடவே, "இவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு பாத்தீங்களா?" என்றும் கேட்டாள்.

மாஸ்டருக்கு அது காதில் விழவில்லை. கண் என்ற ஒரு சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். கண் போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் பக்கத்து இருக்கை போகும். அது போனால் பிரேக் போகும். காலுக்குக் கீழே பிரேக் இல்லாத மனிதனை ஊரில் யார் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்?

கைபேசிக்கு இவருடைய பலவீனம் புரிந்துவிட்டது. அதன்பின் எதைத் தேடினாலும் பல்லைக் காட்டியது. ஒரு பெண், பல் எடுத்துக்கொண்ட கையோடு, ஒரு பக்கக் கன்னம் பலூனாக வீங்கி அழுதாள். இரண்டாம் பாகத்தில் இன்னும் அழுதாள். நடுநடுவே தன் சேனலைப் பின்தொடரச் சொன்னாள். மூன்றாம் பாகம் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை செத்தே போய்விட்டாள் என்று நினைத்து ஒரு வேளை சாப்பிடவில்லை. மனைவி தன் கைபேசியில் தேடிப்பார்த்து, அவள் இப்போது ஆரோக்கியமாகத் தலைமுடி எண்ணெய் விற்றுக்கொண்டிருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் கை நனைத்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தது ஒரு படம். யாருடையதோ உள்ளங்கையில், விரல் நீளத்துக்கும் மேலாக வேர் விட்ட ஒரு பல். 'கடைவாய்ப்பல்லின் உண்மையான வேர்! மறைக்கிறார்கள் மருத்துவர்கள்!' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. மாஸ்டர் தன் தாடையில் விரலை வைத்து அளந்து பார்த்தார். வேர் காதைத் தாண்டிப் போனது.

இடையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வீடியோவும் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் பேசினார். தன் பெயர், படிப்பு, இதை எப்போது பதிவு செய்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தார். பின்னணியில் இசை இல்லை. பார்த்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். விஷயம் தெரிந்தவராக இருந்தால் இதற்குள் நாலு பேர் பார்த்திருக்க மாட்டார்களா என்று மாஸ்டர் அதைத் தள்ளிவிட்டார்.

வைத்தியத்திலும் அவர் ஓரவஞ்சனை காட்டவில்லை. ஒரு வீடியோ சூடான ஒத்தடம் கொடு என்றது. இன்னொன்று பனிக்கட்டி வை என்றது. இரண்டு பேர் மனதையும் நோகடிக்காமல், சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றி வைத்தார். கிராம்பெண்ணெய் ஒரு சொட்டு என்று சொன்ன இடத்தில் தன் பல்லின் தகுதிக்கு ஏற்ப அரைக் கரண்டி விட்டதில் ஈறும் வெந்தது. நான்காம் நாள் காலையில் வலது கன்னம் தனிக்குடித்தனம் போயிருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

அப்படியும் வேலைக்குப் போனார். கழுத்துக்குட்டையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார். டாக்டர் என்ன என்று கேட்டதற்குத் தூசி என்று கையால் காட்டினார். கார் கிளம்பியது. முதல் திருப்பத்தில் வாயைத் திறந்து திசை சொல்ல முயன்றபோது வலி மண்டைக்கு ஏறியது. குட்டை நழுவியது. கண் இருட்டியதில் கால்கூட பிரேக்கில் இல்லை.

கார் நின்றது. குலுங்காமல், சாலையோரம் ஒதுங்கி, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் நின்றது.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது மிதியை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. நிமிர்ந்து டாக்டரின் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல் இருந்தது. இத்தனை வாரங்களில் அந்தக் கால் அங்கே போனது அதுவே முதல் தடவை.

டாக்டர் அதைக் கவனிக்கவே இல்லை. மாஸ்டரின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து சிறு டார்ச்சை எடுத்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

மாஸ்டர் விரலால் காட்டினார்.

"முழுங்க முடியுதா? மூச்சு விட சிரமமா இருக்கா?"

மூச்சு சரியாக வந்தது, விழுங்கும்போது வலித்தது. இது சீழ் பிடித்த வீக்கம், கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தன்னால்கூட ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மாஸ்டருக்கு அந்தக் குரலில் பின்னணி இசை இல்லாதது உறைத்தது.

அன்றே மனைவியோடு பெயிண்ட் கடை மாடி ஏறினார். முதலில் மருந்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுப்பது என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப்பலகையில் வைத்துக் காட்டினார். மற்ற பற்கள் எல்லாம் வரிசையில் நிற்க, இது மட்டும் குறுக்கே படுத்துக்கொண்டு முன்னால் உள்ள பல்லை முட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டு வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்களை மாஸ்டருக்குப் பிடிக்காது. தன் வாய்க்குள்ளேயே அப்படி ஒருவன் இருப்பது அவமானமாக இருந்தது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். சேமித்து வைத்திருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். டாக்டர் சிரிக்காமல், உண்மையாகவே ஒவ்வொன்றையும் பார்த்தார். கண் நரம்புக்காரரைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது கீழ்த்தாடை. கண்ணு மேல இருக்கு. நடுவுல உங்க வாயே இருக்கு" என்றார். பிறகு, இந்தப் பல்லுக்கு அருகில் உதட்டுக்குப் போகும் ஒரு நரம்பு இருப்பது உண்மை, சிலருக்குக் கொஞ்ச நாள் உதடு மரத்துப்போகலாம், எப்போதாவது யாருக்காவது அது நிலைத்துப்போவதும் உண்டு என்று எக்ஸ்ரேயில் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இத்தனை வீடியோக்களில் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. இல்லாத ஆபத்தைத் தொண்டை கிழியக் கத்தினார்களே தவிர, இருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசியில் விரல் நீளத்துக்கு மேல் வேர் விட்ட பல் வந்தது. டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். நெருங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது குதிரைப்பல்."

மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"கல்லூரி வீடியோ ஒண்ணு வந்திருக்குமே, அதைப் பாக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவிதான் பதில் சொன்னாள். "அதுல மியூசிக் இல்லைங்க டாக்டர்."

வீக்கம் வடிந்த பின் அந்த நாள் வந்தது. மாஸ்டர் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அது ஏறியது, இறங்கியது, பின்னால் சாய்ந்தது. அவருடைய சட்டப்படி சந்தேகத்துக்கு இடமின்றி அது நகரும் இருக்கை. அதை இயக்கும் மிதி டாக்டரின் காலடியில் இருந்தது. ஸ்டூல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றார்கள்.

உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் சாயத் தொடங்கியதும் வலது கால் விறைத்து, காற்றில் ஒரு மிதி மிதித்தது. டாக்டர் ஊசியை எடுத்தார், ஒரு மிதி. தட்டில் கருவி ஒன்று கிணுகிணுத்தது. மறுபடியும் ஒரு மிதி. உதவிக்கு நின்ற நர்ஸ், உதை விழாத தூரத்துக்குத் தள்ளி நின்றுகொண்டாள்.

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார்.

"மாஸ்டர், காலை விடுங்க. இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன். என்ன செஞ்சுட்டிருந்தாலும் சரி. அதுதான் உங்க பிரேக்."

மாஸ்டர் நம்பவில்லை. அவர் நம்பாததை எல்லாம் சோதித்துப் பார்க்கிறவர். டாக்டர் குனிந்ததும் கையைத் தூக்கினார். டாக்டர் நிறுத்தினார். மாஸ்டர் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். ஊசி போட்டு மரத்த பிறகு, வேலை தொடங்கியதும் மறுபடியும் தூக்கினார். மறுபடியும் நின்றது. பல்லைத் துண்டாக வெட்டும் கருவி உள்ளே இரையும்போது, இதை எப்படி நிறுத்துவார் பார்க்கலாம் என்று தூக்கினார். இரைச்சல் அந்த நொடியே அடங்கியது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை. டாக்டரின் முகத்தில் சலிப்பும் இல்லை, அவசரமும் இல்லை.

அதன் பிறகு கை மேலே வரவில்லை. கால் எப்போது தளர்ந்தது என்பதை மாஸ்டரே அறியவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் பிரேக் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதுவல்ல. வேண்டும்போது நிற்கும் என்று தெரிந்துவிட்டால், மிதிக்கவே வேண்டியிருக்காதோ என்று, மரத்துப்போன வாயோடு, விளக்கைப் பார்த்தபடி யோசித்தார்.

பல் இரண்டு துண்டுகளாக வெளியே வந்தது. வேரைப் பார்த்தார். கடுகளவுதான் என்று சொல்ல முடியாவிட்டாலும் குதிரைக்கு அது போதாது.

பிறகு சில நாட்கள் அவரால் அதிகம் பேச முடியவில்லை. பக்கத்து இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு நிற்காமல் காலையும் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். ஆபத்து என்று தோன்றினால் மட்டும் மிதிக்கலாம் என்று தனக்குத்தானே ஓர் ஒப்பந்தம். நாய் எழுந்தது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், இருக்கிற பல்லை. டாக்டர் தானே நிறுத்தினார். நாய் போனது. டிரம் ஒரு முறைகூடப் படுக்கவில்லை. பள்ளியில் அந்த மாதம் டெஸ்ட்டில் தேறியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மச்சினன் அக்காவுக்கு போன் போட்டு, மாமாவுக்கு இன்னும் ஏதாவது பல் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்தார்.

டாக்டரும் தேறினார். முடிவு தெரிந்த அன்று மாலை, உறையைக் கழற்றித் துடைத்த சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கே வந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போக வந்திருந்த மாஸ்டரின் மனைவியையும் பார்த்துவிட்டு, வாங்க, வீட்டில் விடுகிறேன் என்றார். மனைவி பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் முன்கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையின் கீழே குனிந்து பார்த்தார். அங்கே ரப்பர் விரிப்பு மட்டும் இருந்தது.

முன்னறைச் சன்னலில் இருந்து மச்சினனும் புதிதாகச் சேர்ந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கார் கிளம்பியது. சந்தைத் திருப்பத்தில் ஒரு லாரி எதிரே வந்தபோது அவருடைய இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. டாக்டர் உடனே ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்ன மாஸ்டர், வலிக்குதா?"

"இல்ல டாக்டர். சும்மா பாத்தேன். போங்க."

கார் மறுபடியும் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் குனிந்து, புதியது ஒன்றும் தேய்ந்தது ஒன்றுமாக இருந்த காலணிகளைக் கழற்றி விரிப்பின் ஓரத்தில் வைத்தார். பிறகு இரண்டு காலையும் மேலே தூக்கி, இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.